கடல் பக்கத்து கேலரி

வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு
எங்கள் அறையில் சண்டை தொடங்கியது.
மொத்தம் எட்டுக் கட்டில்,
மேலே நான்கு, கீழே நான்கு.
சண்டை அப்படிப் பிரியவில்லை.

அஜ்மானில் எங்களுக்கு ஒரு கிளப் உண்டு.
'எங்களுக்கு' என்பதில்தான் எல்லாத் தகராறும்.
நவ்ரஸ் என்றால் கடற்காக்கை என்று
பஸ் ஓட்டும் பெஷாவர்க்காரர் சொல்லித் தந்தார்.
மூன்று சீசன் கடல் பக்கத்து கேலரியில் இருந்தோம்.
வெயில் முதுகுக்குப் பின்னால்,
டிக்கெட் கிடையாது,
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து நான் அடிப்பேன்,
தூத்தூர் ததேயு குரல் எடுப்பான்,
பதினோராம் எண் கானாக்காரன் கோல் அடித்தால்
எங்கள் பக்கம்தான் ஓடிவருவான்.

பிறகு கிளப் கை மாறியது.
புதிய முதலாளிகளை நாங்கள் பார்த்ததில்லை.
அவர்கள் எங்களைப் பார்த்திருக்க வேண்டும்.
கேலரி வாசலில் ஒரு பலகை வந்தது:
குடும்பங்களுக்கு மட்டும்.

எனக்கும் குடும்பம் உண்டு,
இரவு ஒன்பதரைக்கு, நெட் இருந்தால்.

எங்களைக் கிழக்கே மாற்றினார்கள்.
அந்தி வெயில் நேராகக் கண்ணில்.
தொப்பி தந்தார்கள், பிரியாணிப் பொட்டலம் தந்தார்கள்.
கேமரா பார்க்கிற பக்கம் அதுவாம்,
நீலத் தொப்பி நானூறு வேண்டுமாம்.

"போவக்கூடாது மக்கா" என்றான் ததேயு.
"இந்த ஊருல கோஷம் போட முடியாது, கொடி பிடிக்க முடியாது.
காலி நாற்காலிய எவனாவது பிடிச்சிட்டுப் போக முடியுமாலே?"

துண்டைக் கட்டில் கம்பியில் காயப்போட்டபடி
சேகனா சொன்னார்:
"ஓனரா பந்தை உதைக்கிறான்?
அப்பன் குடிகாரன்னு புள்ளைக்குச் சோறு போடாம இருப்பியா?"

"சோறு போடுறது அவனுவதான். பொட்டலத்துல.
அதுக்குத்தானே போறீரு?"

சேகனா அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததே இல்லை.
கேட்டில் இரவுக் காவல் நிற்கும் நேபாளியிடம் கொடுத்துவிடுவார்.
ததேயுவுக்கு அது தெரியும்.
தெரிந்துதான் சொன்னான்.

வியாசர்பாடி தீனா அதுவரை பேசவில்லை.
"பன்னெண்டு மண்ணேரம் ஷட்டரிங் வேல.
வாரத்துக்கு ஒருவாட்டிதான்பா கத்துறேன்.
அதையும் வுடச் சொல்றியா?"

நாலரைக்கு பஸ் ஹாரன் அடித்தது.
வாளியைத் தூக்கினேன், வைத்தேன், தூக்கினேன்.
வாளி இல்லாமல் போனேன்.
அதுவே என் போராட்டம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அப்படிச் சொல்லிக்கொள்ள
பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது.

கேலரியில் பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக்.
ததேயு ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன்.
ஒரு மேற்பார்வையாளன் வந்து
எங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தான்,
ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கை,
தொப்பிகள் பரவலாகத் தெரியும்படி.

எதிரே கடல் பக்கத்தில் இரண்டே குடும்பங்கள்.
ஒரு குழந்தை காலிப் படிகளில் ஏறி இறங்கி
ஏறிக்கொண்டிருந்தது.
பந்தை அது பார்க்கவே இல்லை.

எழுபதாவது நிமிடம், பதினோராம் எண், கோல்.
பழக்கத்தில் கடல் பக்கம் ஓடினான்.
கோட்டருகே நின்றான்.
மைதானம் முழுக்கக் கடந்து எங்களிடம் வருவதா என்று
யோசித்த மாதிரி இருந்தது.
வெயில் அடித்தது, சரியாகத் தெரியவில்லை.
என் கைகள் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தன.

இரவு விளக்கணைத்த பிறகு
மேல் கட்டிலிலிருந்து,
யாரையும் பெயர் சொல்லாமல், ததேயு:

"எந்தக் கால்?"

ஏசி ஓடியது.
சேகனா தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இடது. வெளிப்பக்கத்தால.
கீப்பர் அசையவே இல்லை."

"நின்னு அடிச்சதா?"

"ஓடிக்கிட்டே."

கட்டில் கிறீச்சிட்டது.
அடுத்த வெள்ளியும் ஆட்டம் இருக்கிறது.
வாளி கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
தீனா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறான்.